திருப்பிப் பார்க்காத காசு

என் அண்ணன் மீரான் திருச்சி ஜங்ஷனில் பேட்டரிக்காரன். ரயில் பெட்டிகளுக்கு அடியில் தொங்கும் பேட்டரிகளைத் திறந்து பார்த்து, தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றி, முனையில் பூத்த உப்பைச் சுரண்டி, பெட்டிக்குள் விளக்கு எரியும்படி வைப்பது அவன் வேலை. இருபத்திரண்டு வருஷம் பார்த்தான். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட மேலதிகாரி ஒருவரை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை.

பயந்தவன். கூடப் பிறந்தவள் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? எதிரே காக்கிச் சட்டை வந்தால், அது தபால்காரராகவே இருந்தாலும், சைக்கிளை விட்டு இறங்கிவிடுவான். வீட்டுக்குத் தந்தி வந்தால் கையில் வாங்கமாட்டான். என்னை வாங்கச் சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நிற்பான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் அண்ணனுக்கு வெளிச்சமும் பேய்தான். நான் கேலி செய்வேன், அவனும் சேர்ந்து சிரிப்பான். என் வீட்டுக்காரர் பினாங்கில் கடை வேலைக்குப் போயிருந்தார், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அதனால் நான் தென்னூரில் அண்ணன் வீட்டிலேயே இருந்தேன். நஜீமா என்றால் வாயாடி என்று தெருவுக்கே தெரியும். அவன் பேசாததையும் சேர்த்து நானே பேசித் தீர்த்தேன்.

அப்படிப்பட்டவனுக்குப் போய்ப் பழங்காசுப் பைத்தியம் பிடித்தது. ஐம்பத்து மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன். வீரமலை என்று தண்டவாளம் பார்க்கிற ஒரு கேங்மேன், கரூர்ப் பக்கத்து ஆள். அமராவதியில் வெள்ளம் வடிந்ததும் அந்த ஊர்க்காரர்கள் மணலைச் சலிப்பார்களாம். பொன் துணுக்கு ஏதாவது கிடைக்குமா என்றுதான் சலிப்பது. பொன்னோடு பச்சைப் பச்சையாகச் செப்புக் காசுகளும் வரும், அவற்றை யாரும் சீந்தமாட்டார்கள். பேட்டரிக்காரருக்குச் செம்பு உதவும் என்று நினைத்து வீரமலை ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்தான். அண்ணன் அதை உருக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் ஒன்றை எடுத்துக் கருவேல முள்ளால் சுரண்டிக்கொண்டிருந்தான். அழுக்குக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு வந்ததாம். மனித மூக்கு. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான்.

பார்சல் ஆபீஸ் கிளார்க் சடகோபன் அந்தக் காசைப் பார்த்துவிட்டு அதன் வரலாற்றைச் சொன்னார். ஸ்ரீரங்கத்து மனிதர். காசுகளைப் பற்றி இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். இது ரோம ராஜாங்கத்துக் காசு, ஆனால் ரோமாபுரியில் அடித்தது இல்லை, அவர்களுக்கு அடங்கிய எகிப்து மாதிரி ஏதோ ஒரு மாகாணத்தில் அடித்தது, அதனால்தான் கிரேக்க எழுத்து, மிளகு வாங்க வந்த கப்பலில் வந்திருக்கும் என்றார். இரண்டு பேரும் லீவு நாளில் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து காசு பார்ப்பார்கள். சடகோபன் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. அந்நிய தேவதை உருவம் போட்ட காசு நிலைப்படி தாண்டினால் அவருடைய தாயார் வீடு முழுக்கக் கழுவி விடுவாராம். பயந்தவனுக்கு வாய்த்த சிநேகிதரும் பயந்தவர்தான்.

காசு சுத்தம் செய்வதை நான் பல நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தேய்க்கக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்த்தால் காசு பளபளக்கும், முகம் போய்விடும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரை அவன் ஷெட்டிலிருந்து சின்ன சீசாவில் கொண்டு வருவான். ரயில்வே சொத்தைத் திருடுகிறோம் என்று அதற்கும் பயம், இடுப்பு மடிப்பில் ஒளித்துத்தான் கொண்டு வருவான். வாரம் ஒரு தடவை தண்ணீர் மாற்றுவான். மாதக்கணக்கில் ஊறிய பிறகு மண் தானே இளகும், முள்ளால் மெல்ல நெம்பினால் போதும்.

பச்சையில் இரண்டு ஜாதி உண்டு என்பான். கெட்டியான கரும்பச்சை காசின் தோல், அதை உரிக்கக் கூடாது. பவுடர் மாதிரி உதிர்கிற வெளிர்ப்பச்சை நோய். ஒரு காசிலிருந்து இன்னொரு காசுக்குத் தொற்றும். அந்த நோய் வந்ததை அம்மை போட்ட பிள்ளையைப் போலத் தனியாகப் பிரித்து வைப்பான், தொட்டுவிட்டுக் கையை மூன்று தடவை கழுவுவான். அந்தத் தண்ணீரைச் செடிக்குக்கூட ஊற்றவேண்டாம் என்று சடகோபன் சொல்லி வைத்திருந்தார். சாக்கடையில்தான் கொட்டுவான்.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமருன்னிசா. அதிர்ந்து பேசத் தெரியாதவள். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது முழு மாதமும் இருந்து செத்துப் பிறந்தது, ஆண் பிள்ளை. மூன்றாவது தடவை உண்டானபோது வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. பயப்பட்டோம். தெருவில் கேட்டால் இல்லை என்று சொன்னோம். அண்ணி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஆறாம் மாதம் தாண்டிய பிறகுதான் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னோம்.

ஹஜ்ரத் பீங்கான் எழுதித் தந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ மையால் ஓதுகிற வசனத்தை எழுதித் தருவார்கள். அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துப் பிள்ளைத்தாச்சி குடிக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் எழுதுவார், வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பங்கு, மத்தியானம் ஒரு பங்கு, சாயங்காலம் ஒரு பங்கு. அண்ணி கல்யாணச் சீரில் வந்த பீங்கான் கிண்ண ஜோடியில் ஒன்றைத்தான் ஒவ்வொரு வாரமும் அண்ணன் கொண்டுபோய் எழுதி வாங்கி வருவான். கூடத்துச் சுவரில் ஒரு மாடம் உண்டு, குர்ஆன் வைக்கிற இடம். கிண்ணத்தை அங்கே வைப்பான். ஒளு செய்யாமல், அதாவது கை கால் முகம் கழுவித் துப்புரவாகாமல், எங்கள் வீட்டில் யாரும் அந்த மாடத்தில் கை வைக்கமாட்டோம்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். ஊரே புது நயா பைசாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். வீரமலை ஒரு புதன்கிழமை ஷெட்டுக்கு வந்து அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டான். கரூர்ப் பக்கத்தில் யாரோ கிணறு வெட்டும்போது ஒரு பானை வெள்ளிக் காசு கிடைத்ததாம், சொல்லாமல் மறைத்துவிட்டார்களாம், போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்றாம். பழங்காசு யார் யாரிடம் போகிறது என்று வீடு வீடாகக் கேட்கிறார்களாம். வீரமலையையும் கேட்டிருக்கிறார்கள்.

"உங்க பேரை நான் சொல்லலீங்க பாய். ஆனா திரும்பக் கூப்பிட்டுக் கேட்டா சொல்லித்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. சுத்தம் செய்து ஷெட்டில் வைத்திருந்த காசு டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். எங்கே ஒளிப்பது? டிரங்குப் பெட்டியில் வைத்தான், எடுத்தான். அரிசிப் பானைக்குள் வைத்தான், எடுத்தான். சனிக்கிழமை எல்லாவற்றையும் சடகோபனிடம் கொடுத்து, அவர் பார்சல் ஆபீஸில் வைக்கச் சொல்லிவிட வேண்டியது என்று முடிவு செய்தான். ஆனால் நோய் பிடித்த இரண்டு காசு மட்டும் டப்பாவில் மற்றதோடு சேரக் கூடாது. அவற்றைச் சுத்தம் செய்ய மாதக்கணக்காகும், அவனுக்கோ இரண்டு நாள்தான் இருந்தது. பொறுமைக்குப் பேர் போனவன் அன்றைக்கு அவசரப்பட்டான். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, பேட்டரித் தண்ணீரைக் கலந்து அதில் இரண்டையும் போட்டான். போட்ட பாத்திரம் அண்ணியின் சீர்க் கிண்ணம், ஜோடியில் மற்றது.

அந்தக் கிண்ணத்தை எங்கே வைத்தான் தெரியுமா? மாடத்தில். போலீஸ்காரன் வந்தாலும் குர்ஆன் இருக்கிற இடத்தில் கை வைக்கமாட்டான், வீட்டுப் பெண்களும் சும்மாத் தொடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். வியாழக்கிழமை சாயங்காலம் ஹஜ்ரத் எழுதிய கிண்ணமும் வந்தது. அதை உள்ளே தள்ளிச் சுவரோடு சாத்தி வைத்தான். தன்னுடையது முன்னால் இருந்தது, மூடி போட்டு. காலையில் நான் வந்து முன்னால் இருப்பதை எடுப்பேன் என்று அந்தப் பதற்றத்தில் அவன் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்குக் காலை டியூட்டி. விடிந்ததும் போய்விட்டான். நான் ஒளு செய்து, பிஸ்மில்லா சொல்லி, மாடத்திலிருந்து கிண்ணத்தை எடுத்தேன். மூடியைத் திறந்தால் தண்ணீர் இருந்தது. அண்ணனே கரைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், பரவாயில்லையே என்று நினைத்தேன். மாங்காய்த் தோல் நிறத்தில் லேசாகப் பச்சையோடிய மஞ்சள். எலுமிச்சை வாசனை. அடியில் இரண்டு செப்புத் தகடு, வட்டமாக, அதில் எழுத்து. ஏழாம் மாதம் பிறந்துவிட்டதே, அதனால் ஹஜ்ரத் இந்தத் தடவை தகடும் எழுதிப் போட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். படிக்க வரவில்லைதான். ஆனால் தாயத்துத் தகட்டில் எழுதுவது எப்போது படிக்க வந்திருக்கிறது? கோடும் கட்டமுமாகத்தானே இருக்கும். அண்ணன் காசு ஊறுவது எலுமிச்சை சேராத பேட்டரித் தண்ணீரில், குர்ஆன் மாடத்தில் காசு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு விரலால் புரட்டியிருந்தால் மறுபக்கம் தலை தெரிந்திருக்கும். முகம் போட்ட தகட்டை எந்த ஹஜ்ரத்தும் தரமாட்டார் என்பது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஓதிய பொருளில் விரலை விட்டுத் துழாவுவது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஒரு பங்கை டம்ளரில் ஊற்றி அண்ணியிடம் கொடுத்தேன். ரெண்டு வாய் குடித்ததும் முகம் சுளித்தாள். துவர்க்குது என்றாள். மருந்துன்னா இனிக்குமா, குடிங்கண்ணி என்று நான் அதட்டினேன். என் அதட்டலுக்குப் பயந்து மிச்சத்தையும் குடித்தாள்.

ஒன்பது மணிக்கு வாந்தி எடுத்தாள். மசக்கை என்று நினைத்தேன். ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை என்று என் புத்திக்கு எட்டவில்லை. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். வலி விட்டு விட்டு வந்தது. சோம்பு வெந்நீர் கொடுத்தேன், அதுவும் தங்கவில்லை. ஜும்ஆத் தொழுகை நேரம் நெருங்கியது. ஓதிய தண்ணீர் உள்ளே போனால் சரியாகிவிடும், மிச்சம் இரண்டு பங்கையும் இப்போதே கொடுத்துவிடலாம் என்று கிண்ணத்தில் இருந்த அத்தனையையும் டம்ளரில் ஊற்றினேன். இரண்டு தகடும் கிண்ணத்தில் கிணுக்கென்றன. அண்ணியைத் தூக்கி உட்கார வைத்து டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

அண்ணன் தொழுகைக்குக் குளிக்க வந்தவன் வாசலில் நின்றான். மாடத்தைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். செருப்போடு கூடத்துக்குள் ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினான்.

"காலையில எவ்வளவு குடுத்தே?"

"ஒரு பங்கு. ஏன், என்னாச்சு?"

டம்ளரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். அடியில் தங்கியிருந்த வண்டலோடு குடித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிள்ளைத்தாச்சிக்கு ஓதின தண்ணியை ஆம்பளை குடிக்கிறதாவது, உனக்கென்ன புத்தி பிசகிப் போச்சா, தாகமா இருந்தா பானையில தண்ணி இல்லையா என்று கத்தினேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்தது, அவன் எழுந்திருக்கவில்லை. அவன் ஜும்ஆ தவறவிட்டது எனக்குத் தெரிந்து அன்று ஒரு நாள்தான்.

கொஞ்ச நேரத்தில் அவனும் வாந்தி எடுத்தான். முற்றத்துக்குப் போவதற்குள் வந்துவிட்டது. பச்சையாக இருந்தது.

"நஜீமா, அது ஹஜ்ரத் குடுத்தது இல்ல. என் காசு ஊறின தண்ணி" என்றான்.

அவன் ஏன் குடித்தான் என்று உங்களுக்குப் புரிகிறதா? எனக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. அது விஷமா இல்லையா என்று அவனுக்கு நிச்சயமில்லை. வாயைத் திறந்து சொன்னால் ஊர் கூடும், டாக்டர் கேட்பார், போலீஸ் வரும், வேலை போகும். சொல்லாமல் விட்டாலோ அண்ணி. அதனால் தன் வயிற்றில் ஊற்றிப் பார்த்தான். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு பயம். அந்த அரை மணி நேரத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதே சமயம், விஷமென்று சந்தேகப்பட்டதை அப்படி ஒரே மூச்சில் குடிக்க எனக்குத் தைரியம் இருந்திருக்குமா என்றால், தெரியாது.

ஜட்கா வண்டி பிடித்து மூன்று பேரும் புத்தூர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பிள்ளை அசையுதா என்று கேட்டேன். தெரியல என்றாள். வண்டி உறையூர் திருப்பத்தில் குலுங்கியபோது அண்ணன் என் காதருகே குனிந்தான். காசு என்று சொல்ல வேண்டாம், ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்துக் களிம்பு ஏறிவிட்டது என்று சொல்லிவிடு என்றான். கெஞ்சினான். பாவி, நானும் சரி என்று தலையாட்டினேன். ஓதாத தண்ணீரை ஓதியதென்று கொடுத்த கையல்லவா, எனக்கும் பயம் இருந்தது.

லேடி டாக்டர் நடுத்தர வயது அம்மா. அண்ணியின் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டார். நான் புளிக்குழம்பு கதையைச் சொன்னேன். என்ன பாத்திரம், எத்தனை நாளாக ஈயம் பூசவில்லை, எவ்வளவு சாப்பிட்டாள், வீட்டில் வேறு யார் சாப்பிட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எதைக் குடிச்சாங்கன்னு சரியாச் சொல்லலைன்னா நான் எதுக்குன்னு மருந்து குடுக்கிறது? வயித்துல உள்ளதையும் சேர்த்து ரெண்டு உசுரும்மா."

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கதவோரம் நின்றிருந்தான். சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தான். வெளியே தாழ்வாரத்தில் ஒரு போலீஸ்காரர், யாரோ அடிபட்ட ஆளோடு வந்தவர், பெஞ்சியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவரைப் பார்த்தான். அப்புறம் டாக்டர் மேஜைக்கு வந்து, கிண்ணத்திலிருந்து எடுத்து வந்திருந்த இரண்டு காசையும் வைத்தான். ஒன்று உருண்டு போயிற்று.

"நான்தாங்க ஊற வச்சேன். எலுமிச்சை, உப்பு, பேட்டரித் தண்ணி. தண்ணி ரயில்வேயோடது. என் தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது, ஓதின தண்ணின்னு குடுத்துச்சு. எந்த ஸ்டேஷனுக்கு வேணும்னாலும் வர்றேங்க. இவளை மட்டும் பாருங்க."

அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. டாக்டர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினான்.

"ஸ்டேஷனா? முதல்ல போய் ஆறு முட்டை வாங்கிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

ஓடினான். முட்டையின் வெள்ளைக்கருவைப் பாலில் அடித்து அண்ணிக்குக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள், திரும்பக் கொடுத்தார்கள். இவனும் குடித்தான் என்று நான் சொன்ன பிறகுதான் அவனுக்கும் கொடுத்தார்கள். அவன் தானாகச் சொல்லவில்லை. மேஜையில் கிடந்த காசை அப்போதுதான் நான் திருப்பிப் பார்த்தேன். எலுமிச்சை பச்சையைத் தின்றுவிட்டிருந்தது. சுருட்டை முடியோடு ஒரு ராஜா, கழுத்து தடித்தவன், மூக்கு நீளம். யாரோ எந்த ஊரோ. இந்த முகத்துக்காகவா என்று எனக்கு அழுகை வந்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அண்ணி பிழைத்துக்கொண்டாள். பிள்ளையைப் பற்றி டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பிறந்த பிறகுதான் தெரியும், அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்.

போலீஸ் வரவில்லை. எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. அண்ணன் டப்பாவோடு படித்துறைக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது சடகோபன் தலையில் அடித்துக்கொண்டாராம். போலீஸ் தேடியது அந்த வெள்ளிப் பானையைத்தான், ஆற்று மணலில் பொறுக்கிய தேய்ந்த செம்புக்கு யார் வரப்போகிறார்கள் என்றாராம். "என்னண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா பாய்? காலணா பெறாத வஸ்துவுக்கா இவ்வளவு பயம்?" என்று கேட்டாராம். அண்ணன் டப்பாவை அவர் மடியில் வைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ஒரு காசைத் தொடவில்லை. வீரமலை கொண்டுவந்தாலும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டான்.

அடுத்த இரண்டு மாதம் எப்படிப் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணி பகல் முழுக்க வயிற்றில் கை வைத்தே உட்கார்ந்திருப்பாள். அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் நிலைப்படியில் நின்று கேட்பான், அசஞ்சுதா என்று. அசைந்தது என்று சொன்னால்தான் உள்ளே வருவான். ஒரு நாள் காலையிலிருந்து அசையவில்லை. அவன் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான், சாப்பிட வரவில்லை. அந்தியில், மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஒரு உதை உதைத்தது. அண்ணி அழுதாள், நான் அழுதேன், அவன் வாசலிலிருந்து எழுந்துவந்து சோறு கேட்டான். ஹஜ்ரத் எழுதிய உண்மையான கிண்ணம் மாடத்தில் அப்படியே இருந்தது. அதைக் கரைத்துக் குடிக்க அண்ணிக்குத் தைரியம் வரவில்லை. எங்களுக்கு அதைக் கழுவவும் தைரியம் வரவில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. உயிரோடு பிறந்தது. முதலில் விரல்களை எண்ணினேன், அப்புறம் கண், காது, வாய்க்குள் அண்ணம். ஒரு குறையும் இல்லை. ஆரிஃபா என்று பெயர் வைத்தோம்.

அதோடு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆரிஃபா பால் குடிப்பதை நிறுத்தி டம்ளர் பிடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து, அவள் குடிக்கிற எதையும் அண்ணன் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பான். தண்ணீர், காப்பி, பாட்டில் மருந்து, தர்காப் பந்தலில் கொடுக்கிற சர்பத்து, எதுவானாலும். குடித்துவிட்டுக் கொஞ்சம் நிற்பான். அப்புறம்தான் கொடுப்பான். வேலைக்குப் போகும்முன் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டுப் போவான், அன்றைக்கு முழுக்க அந்தப் பானை நல்ல பானை. எல்லா அத்தாக்களும் இப்படித்தான் என்று ஆரிஃபா நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள் தண்ணீர் டம்ளரை டீச்சரிடம் நீட்டி, நீங்க குடிச்சுட்டுத் தாங்க என்று கேட்டிருக்கிறாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

அண்ணியும் அவன் குடித்ததைத்தான் குடிப்பாள். என் கையால் மட்டும் வாங்கமாட்டாள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை, அது அவள் குணம். நான் காப்பியோ தண்ணீரோ கொண்டுபோனால், "அங்க வச்சிடு நஜீமா, எடுத்துக்கறேன்" என்பாள். வைப்பேன். ஆறிப்போகும். பிறகு அவளே எழுந்துபோய் வேறு மொண்டுகொள்வாள். சோறு என் கையால் சாப்பிட்டாள். என் மடியில் படுத்து அழுதிருக்கிறாள். டம்ளர் மட்டும் வாங்கமாட்டாள். நானும் கேட்கவில்லை. தின்ற உப்புக்குத் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும் என்று இருந்துவிட்டேன். பதினொரு வருஷம்.

அறுபத்தெட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை, ரயில் பெட்டிக்கு அடியில் குனிந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். நாற்பத்தெட்டு வயது. மத்தியானத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். சடகோபன் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆண்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு அண்ணி மாடத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. தெருப் பெண்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் கொண்டுவந்து கெஞ்சினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆரிஃபா கொண்டுவந்தாள், அதற்கும் திரும்பிக்கொண்டாள். பிள்ளை டம்ளரை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

நான் எழுந்து பானைக்குப் போனேன். காலையில் அவன் மொண்டு குடித்துவிட்டுப் போன அதே பானை. ஒரு டம்ளர் மொண்டுவந்து அண்ணி எதிரே உட்கார்ந்தேன். அவள் பார்க்க ஒரு வாய் குடித்தேன். அவன் நிற்பது போலக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்புறம் நீட்டினேன்.

அண்ணி டம்ளரைப் பார்க்கவில்லை, என் தொண்டையைப் பார்த்தாள்.

"முழுங்கிட்டியா?" என்று கேட்டாள்.

முழுங்கிட்டேன் என்றேன். என் கையிலிருந்து வாங்கிக் குடித்தாள்.